சுத்தியலுக்கு முன்னால் ஒரு கையெழுத்து

"சார், இந்த நடுச்சுவரை மட்டும் எடுத்துட்டா ஹால் பெரிசாயிடும். செலவு முழுக்க எங்களுது." மாடியையோ பின் போர்ஷனையோ வாடகைக்கு விட்டிருக்கும் நம்மில் பலர் இதைக் கேட்டிருப்போம். நம் பணம் போகவில்லை என்றதும் சிலர் தலையாட்டிவிடுகிறார்கள். ஆட்டக் கூடாது என்பது என் கட்சி.

சென்னையின் பழைய வீடுகள் பலவற்றில் தூணும் பீமும் கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் தேக்குச் சட்டத்தின் முனை உட்கார்ந்திருப்பதே சுவர்மேல்தான். எது பாரம் தாங்கும் சுவர், எது வெறும் தடுப்பு என்பதை மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொன்னால் போதாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும்.

ஃபிளாட்டிலும் ஜாக்கிரதை தேவை. 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஓர் அடுக்குமாடியின் ஆறாவது மாடியில் தரை வேலை நடந்தபோது தளம் இடிந்து, முதல் மாடி வரை சரிந்தது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். கான்கிரீட்டே கெட்டிருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. உள்ளே இருக்கும் பலவீனம் டைல்ஸுக்கு மேலே தெரியாது.

உயிருக்கு அடுத்தது பணம். முன் அறைக்கு ஷட்டர் போட்டுக் கடையாக்கினால் வீட்டு மின் இணைப்பு செல்லாது, வணிகக் கட்டணம். சொத்து வரியும் ஏறும். நோட்டீஸ் வருவது குடியிருப்பவர் பேருக்கல்ல, நம் பேருக்கு. நாளை விற்கப் போனால், பேங்க் வேல்யூவர் அங்கீகாரம் பெற்ற பிளானோடு வந்து நிற்பார். பிளானில் இல்லாத அறை இருந்தால் வாங்குகிறவருக்குக் கடன் கிடைப்பது கஷ்டம், விலையும் இறங்கும்.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே உரிமையாளர் சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், குடியிருந்தவர் தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் வீட்டைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தபின் வாடகை ஒப்பந்தமும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன "சரி"தான், காலி பண்ணும் அன்றைக்கு அட்வான்ஸ் சண்டையாக முளைக்கிறது.

இதைச் சாக்காக வைத்து எல்லாவற்றுக்கும் "முடியாது" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எழுபது வயதுப் பெரியவர் வழுக்கி விழாமலிருக்கக் குளியலறையில் ஒரு கைப்பிடி கேட்கிறார். இந்திய டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றலாமா என்கிறார். "என் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? நமக்கும் அதே முழங்கால்தானே! அவர் காலி பண்ணின பிறகும் அந்தக் கைப்பிடி வீட்டுக்கு மதிப்புதான். பாதிச் செலவை நாமே ஏற்றாலும் நஷ்டமில்லை.

ஆகவே, மாட்டுகிற வேலைக்குத் தாராளமாகச் சம்மதியுங்கள். இடிக்கிற வேலைக்கு இன்ஜினியரையும் பிளானையும் கேளுங்கள். இரண்டுக்குமே ஒரு தாளில் என்ன வேலை, யார் செலவு, போகும்போது கழற்றுவதா விடுவதா என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, வேலைக்கு முந்தைய போட்டோவோடு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் அதற்கப்புறம் வரட்டும்.