பித்தளை என்றால் அசல், பிளாஸ்டிக் என்றால் பொம்மையா?

கண்டமங்கலத்துக்காரனுக்கு ஒரு வசதி உண்டு மக்களே. விழுப்புரத்தில் பஸ் ஏறி வளவனூர் தாண்டினால் மதகடிப்பட்டு, அது புதுச்சேரி. கொஞ்ச தூரத்தில் கண்டமங்கலம், திரும்பத் தமிழ்நாடு. அடுத்து அரியூர், மறுபடி புதுச்சேரி. ரோடு அதே ரோடு, வயல் அதே வயல். மேலோட்டமாகப் பார்த்து எது எதைச் சேர்ந்தது என்று சொல்லவே முடியாது. இது தெரிந்த ஊரில் வளர்ந்தும் நான் ஏமாந்த கதைதான் இன்றைக்கு.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து ஒரு தகர டப்பா இறங்கியது. கொள்ளுத்தாத்தாவுடையது. உள்ளே பத்திரம், ஒரு மூக்குப்பொடி டப்பி, அப்புறம் பழுப்பு நிறத்தில் ஒரு பேட்ஜ். மேலே கிரீடம், சுற்றி இலை வளையம், கீழே ஆங்கிலத்தில் ராயல் எஞ்சினியர்ஸ். எல்லாம் பிளாஸ்டிக்! அப்பா உடனே, "தாத்தா மிலிட்டரியில தொப்பியில போட்டிருந்ததுடா" என்றார்.

அதைத் தூக்கிக்கொண்டு புதுவையில் பழைய சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கையில்கூட வாங்கவில்லை. "பொம்மைத் தொப்பியில வர்றது தம்பி. ஒரிஜினல்னா பித்தளையில இருக்கும்" என்று சிரித்துவிட்டு, பளபளவென்று பீரங்கி போட்ட ஒரு பித்தளை பேட்ஜை நீட்டினார். "ரெண்டாம் உலகப்போர் சரக்கு. சர்டிபிகேட்டோட தர்றேன்." தொள்ளாயிரம் ரூபாய். வாங்கினேன். (திட்டுவதை எல்லாம் அம்மா ஏற்கெனவே திட்டிவிட்டார்.)

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் உறைத்தது. பொம்மை என்று சொன்னது அசல், அசல் என்று விற்றது போருக்குப் பிந்தியது!

எப்படி? கிரீடத்தைப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் காலத்து பிரிட்டிஷ் ராணுவ பேட்ஜ்களில் கிரீடத்தின் வளைவுகள் மேலே குமிழ் மாதிரி உருண்டிருக்கும். 1952-ல் எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த பிறகு நடுவில் பள்ளம் விழுந்த கிரீடத்துக்கு மாற்றினார்கள். என் பித்தளை பேட்ஜில் நடுவில் பள்ளம். போர் முடிந்தது 1945-ல். ராணியின் கிரீடம் எப்படி அதற்கு முன்னால் வரும்? டப்பாவில் கிடந்ததிலோ உருண்ட கிரீடம், நடுவில் ஆறாம் ஜார்ஜின் முத்திரை எழுத்துகள்.

சரி, ராணுவம் ஏன் பிளாஸ்டிக்குக்குப் போனது? துப்பாக்கித் தோட்டாவின் உறை பித்தளை. எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். போர்க்காலத்தில் அந்த உலோகத்தைத் தொப்பிக்கு அழகு சேர்க்கச் செலவழிப்பது வீண் என்று, 1941-42 வாக்கில் பிரிட்டனில் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் பேட்ஜ் வார்க்க ஆரம்பித்தார்கள். பழுப்பு, சாம்பல், கறுப்பு நிறங்களில் வந்தன. தொப்பியில் மாட்ட, பின்னால் மடக்குகிற மாதிரி இரண்டு பித்தளைத் தகடுகள். வால்சால் ஊரின் ஏ. ஸ்டான்லி அண்ட் சன்ஸ் போன்ற கம்பெனிகளின் பெயர் சிலவற்றின் பின்பக்கம் இருக்கும். ஆக, பிளாஸ்டிக்காக இருப்பது அது போர்க்காலத்தது என்பதற்கு எதிரான சாட்சி இல்லை. சொல்லப்போனால் பித்தளையைவிட பிளாஸ்டிக்தான் போர்க்காலத்தை நெருக்கமாகக் காட்டுகிறது. பித்தளை போருக்கு முன்னும் வந்தது, பின்னும் வந்தது. பழைய அச்சை வைத்து இன்றைக்கும் அடிக்கலாம்.

உடனே, "அப்படின்னா பிளாஸ்டிக் எல்லாம் அசல்" என்று கிளம்பிவிடாதீர்கள். அதிலும் போலி உண்டு. ஒரு அசலை வைத்து அச்செடுத்து ரெசின் ஊற்றினால் முடிந்தது. அப்படிப் பிரதி எடுக்கும்போது நுணுக்கம் மழுங்கும், எழுத்தின் ஓரம் கூர்மை இழக்கும், சில சமயம் சின்னச் சின்னக் காற்றுக்குமிழி தெரியும். அசலான அசிடேட் வயதானால் நெளியும், சுருங்கும், லேசாக வினிகர் வாடை அடிக்கும். பழைய சினிமா பிலிம் சுருள்களைக் கெடுப்பதும் இதே வியாதிதான்.

சிலர் "ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார், வாடை வந்தால் அசல்" என்று உபதேசம் செய்கிறார்கள். அடப்பாவிகளா! எண்பது வருஷம் தப்பித்த பொருளில் ஓட்டை போட்டு, அது அசல் என்று நிரூபிப்பதா? அசிடேட் இன்றைக்கும் தயாராகிறது. வாடை வந்தால் பொருள் அசிடேட் என்று தெரியும், எந்த வருஷம் என்று தெரியாது. கிரீடமும் அப்படித்தான். 2022-ல் மூன்றாம் சார்லஸ் பழைய மாதிரி உருண்ட கிரீடத்தையே மறுபடி தேர்ந்தெடுத்துவிட்டார். பள்ளம் விழுந்த கிரீடம் இருந்தால் போர்க்காலத்தது இல்லை என்று அடித்துச் சொல்லலாம். உருண்ட கிரீடம் இருப்பதால் மட்டும் போர்க்காலத்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சோதனையும் பொய்யை வெளியே தள்ளும், அவ்வளவுதான்.

இனி அந்த சர்டிபிகேட். விற்கிறவரே எழுதி, விற்கிறவரே கையெழுத்துப் போட்ட காகிதம். கணக்கெழுதியவரே தணிக்கையும் செய்தால் எங்கள் பி.காம். வகுப்பில் மார்க் விழாது! 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஞாபகம் வருகிறது (2001-ல் நோபல் பரிசு பெற்றவர்). நல்லது எது, கெட்டது எது என்று விற்பவருக்கு மட்டும் தெரிந்தால், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுவாந்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல சரக்கு சந்தைக்கு வராது, கெட்டது மட்டும் மிஞ்சும். போலிச் சான்றிதழ் செய்வது இதைத்தான். வாங்குபவனுக்கு ஒரு பிடி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் 15-வது பிரிவுப்படி, வர்ணித்து விற்றால் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கடையில் போர்டு மாட்டிவிட்டால் அது மாறிவிடாது.

கடைக்காரரைத் திட்டியாயிற்று. இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன், இதுதான் கஷ்டமான இடம்.

இந்தப் பிளாஸ்டிக் பேட்ஜ்கள் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளுக்காகச் செய்தவை. கொள்ளுத்தாத்தா ராயல் எஞ்சினியர்ஸில் எப்படி இருந்திருப்பார்? தொண்ணூறு தாண்டிய சின்னத்தாத்தாவிடம் போய்க் கேட்டேன். "அவரு எங்கடா சண்டைக்குப் போனாரு? ஆவடி கேம்புல துணி தொவச்சாரு. வெள்ளக்காரன் குடுத்தானோ, சட்டையோட வந்துச்சோ, யாருக்குத் தெரியும்" என்றார்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "இத்தன வருஷம் மிலிட்டரின்னு சொல்லிட்டோம், இத நீ கெளறணுமா?" என்றார்.

கிளறத்தான் வேண்டும்பா. கடைக்காரர் பேட்ஜுக்கு இல்லாத போரை ஒட்டினார், நாம் தாத்தாவுக்கு இல்லாத தொப்பியை மாட்டினோம். இரண்டும் ஒரே சர்டிபிகேட்தான். சிப்பாய் என்றால்தான் மரியாதை, துவைத்தவர் என்றால் வெட்கம் என்று நினைக்கிற புத்திதான் பித்தளையைப் பார்த்து அசல் என்றும் பிளாஸ்டிக்கைப் பார்த்து பொம்மை என்றும் சொல்கிறது. அத்தனை ஆயிரம் பேர் இருந்த முகாமில் யாரோ துவைத்துத்தானே ஆகவேண்டும்? எங்கள் வீட்டிலிருந்து போன ஒருவர் துவைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் எதாவது இருக்கும். தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பிளாஸ்டிக்கை உலோகத்தோடு ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள், அந்த வினிகர் ஆவி உலோகத்தையும் அரிக்கும். காற்றோட்டமாக, வெயில் படாமல் வையுங்கள். முக்கியமாக, வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு, யார் சொன்னது, எந்த தேதியில் சொன்னது, எது தெரியாது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். அதைவிடப் பெரிய சர்டிபிகேட்டை எந்தக் கடையும் தரப்போவதில்லை.

எங்கள் பேட்ஜோடு இப்போது ஒரு சீட்டு இருக்கிறது. "ஆவடி முகாமில் சலவை வேலை பார்த்தவரின் டப்பாவில் இருந்தது. எப்படிக் கிடைத்தது என்று தெரியாது. சொன்னவர் அவர் தம்பி." நான் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டது அப்பா.