ஒப்பந்தச் சிப்பாய்களும் கூறுபோடப்பட்ட ஆலைகளும்: எந்தப் போருக்கான தயாரிப்பு இது?

2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று திராஸில் பேசிய தரைப்படைத் தலைமைத் தளபதி உபேந்திர துவிவேதி, எதிர்காலப் போர்களுக்கேற்ப இராணுவம் மாற்றியமைக்கப்படுவதாக அறிவித்தார். காலாட்படை, டாங்கிப் படை, பீரங்கிப் படை, ஆளில்லா விமானங்கள் அனைத்தையும் ஒன்றிணைக்கும் 'ருத்ரா' பிரிகேடுகள், எல்லையில் விரைந்து தாக்கும் 'பைரவ்' பட்டாலியன்கள், ஒவ்வொரு காலாட்படை பட்டாலியனுக்கும் ட்ரோன் பிரிவு என்று பட்டியல் நீண்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் ட்ரோன்களாலும் ஏவுகணைகளாலும் மோதிக்கொண்டிருந்தன.

இத்திட்டங்களின் போர்த்தந்திர மதிப்பை வல்லுநர்கள் எடைபோடட்டும். உழைக்கும் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த ட்ரோன்களை இயக்கப்போகிறவர் யார்? பீரங்கிகளுக்கான குண்டுகளைச் செய்யப்போகிறவர் யார்? பெரும்போர் வரப்போகிறது என்று ஒருபுறம் முழங்கும் மோடி அரசு, மறுபுறம் இவ்விரு தரப்பினரையும் எப்படி நடத்துகிறது?

நான்காண்டுக்கு ஒரு சிப்பாய்

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம், இராணுவப் பணியை ஒப்பந்த வேலையாக மாற்றியது. முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய் ஊதியம். 30 விழுக்காடு பிடித்தம் போகக் கையில் கிடைப்பது 21,000 ரூபாய். நான்காண்டு முடிவில் நால்வரில் ஒருவருக்கு மட்டுமே பணி நீட்டிப்பு. ஏனைய மூவர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன் வெளியேற வேண்டும். ஓய்வூதியம் கிடையாது; பணிக்கொடையும் கிடையாது. பணியில் உயிரிழக்கும் அக்னிவீரரின் குடும்பத்திற்குக் காப்பீட்டுத் தொகையும் கருணைத் தொகையும் உண்டு. நிரந்தர வீரரின் குடும்பத்திற்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் இல்லை. ஒரே பதுங்குகுழியில், ஒரே குண்டுக்குப் பலியாகும் இருவரின் தாய்மார்களுக்கு அரசு இரண்டு வகையான நீதி வழங்குகிறது. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே இந்தப் பாகுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது.

படையின் சராசரி வயதைக் குறைப்பதே நோக்கம் என்கிறது அரசு. இளைய படை தேவை என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. கார்கில் போருக்குப் பிறகு கே.சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழுவும் பணிக்காலத்தைக் குறைக்கச் சொன்னது. ஆனால் அது சொன்னது ஏழு முதல் பத்தாண்டுகள். அதன்பின் அவ்வீரர்களைத் துணை இராணுவப் படைகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. நான்காண்டில் கைகழுவிவிடச் சொல்லவில்லை. போர்க்கருவிகள் நுட்பமாக ஆக ஆக, அவற்றை இயக்கும் கைகளுக்கு அனுபவம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆறு மாத அடிப்படைப் பயிற்சி பெற்று, தொழிலில் தேர்ச்சியடையும் தறுவாயில் வீட்டுக்கு அனுப்பப்படும் வீரரைக் கொண்டு எந்த நவீனப் போரை நடத்த முடியும்?

உண்மைக் காரணம் நிதிநிலை அறிக்கையில் இருக்கிறது. 2025-26ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒதுக்கீடு 6.81 லட்சம் கோடி ரூபாய், அதில் 1.60 லட்சம் கோடி ஓய்வூதியத்திற்குச் செல்கிறது. இந்தச் 'சுமை'யை இறக்கிவைக்கவே அக்னிபத். ஓய்வூதியம் அரசு இடும் பிச்சையல்ல, செய்த பணிக்கான உரிமை என்று 1982இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 ஜனவரி முதல் மத்திய அரசின் புதிய ஊழியர்களிடமிருந்து பழைய ஓய்வூதியம் பறிக்கப்பட்டபோது முப்படைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்த வேலியும் இப்போது பிடுங்கப்பட்டுவிட்டது. முதல் அணி அக்னிவீரர்கள் 2026 இறுதி தொடங்கி வெளியேறுவார்கள். இருபத்தைந்து வயதைக்கூட எட்டாத பலர், தனியார் நிறுவன வாயில்களில் காவலாளி வேலைக்கு நிற்கும் காட்சியைத்தான் இந்த 'தேசபக்த' அரசு உருவாக்கியிருக்கிறது.

கான்பூரின் இரு காட்சிகள்

குண்டுகளைச் செய்யப்போகிறவர்களின் நிலை என்ன? 1801இல் காசிப்பூரில் தொடங்கிய வரலாறு கொண்டவை நமது படைக்கலத் தொழிற்சாலைகள். 41 ஆலைகளையும் ஏறத்தாழ 70,000 ஊழியர்களையும் கொண்டிருந்த வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று கலைக்கப்பட்டு, ஏழு நிறுவனங்களாகக் கூறுபோடப்பட்டது. ஆவடி டாங்கி ஆலையும் அவற்றுள் ஒன்றின் கீழ் வந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துவிடக் கூடாதென்று முன்கூட்டியே அவசரச் சட்டமும் பிறப்பிக்கப்பட்டது. இது தனியார்மயம் அல்ல என்று அரசு உறுதி கூறுகிறது. தொலைத்தொடர்புத் துறை பிஎஸ்என்எல் ஆக்கப்பட்டபோது கேட்ட அதே உறுதிமொழி இது. அதன் பின் நடந்ததை நாடறியும்.

கான்பூரில் ஐந்து படைக்கல ஆலைகள் உள்ளன. அதே நகரில் 2024 பிப்ரவரியில் அதானி குழுமத்தின் வெடிபொருள் உற்பத்தி வளாகத்தை அன்றைய தரைப்படைத் தளபதியும் உத்தரப்பிரதேச முதலமைச்சரும் சேர்ந்து திறந்து வைத்தனர். பொதுத்துறை ஆலைகளின் தரக்குறைவையும் தாமதத்தையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டியது உண்மை. அதற்குத் தீர்வு புதிய இயந்திரங்களும் முதலீடும் பயிற்சியும். அரசோ அந்தக் குறைகளையே காரணமாகக் காட்டித் தனியாருக்குக் கதவைத் திறந்துவிட்டது.

பெரும்போர் நீண்டால் என்ன நடக்கும் என்பதற்கு உக்ரைனே சான்று. ஓராண்டுக்குள் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக 2023 மார்ச்சில் வாக்களித்த ஐரோப்பிய ஒன்றியத்தால் ஏறத்தாழப் பாதியைத்தான் தர முடிந்தது. நீண்டகால ஒப்பந்தம் தந்தால்தான் புதிய உற்பத்தி வரிசை அமைப்போம் என்றன அங்குள்ள ஆயுத நிறுவனங்கள். இதில் வியப்பில்லை. அமைதிக் காலத்தில் ஓடாமல் நிற்கும் இயந்திரமும் வேலையின்றி இருக்கும் தேர்ந்த தொழிலாளியும் முதலாளிக்கு நட்டம். நாட்டுக்கோ அதுவே காப்பு. அந்த நட்டத்தைத் தாங்கும் வலு பொதுத்துறைக்கு மட்டுமே உண்டு. அந்தத் தொலைநோக்கு இலாபக் கணக்கில் வராது.

தவிர்க்கப்படும் போரே வெல்லப்படும் போர்

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, அணு ஆயுதம் ஏந்திய அண்டை நாடுகளுக்கிடையே 'பெரும்போர்' என்ற சொல்லையே திருவிழா முழக்கமாக்குவது குற்றமாகும். பஹல்காமில் 26 பேரைக் கொன்ற பயங்கரவாதம் கண்டிக்கத்தக்கது. கொலையாளிகளுக்குத் தண்டனை கிடைத்தாக வேண்டும். ஆனால் தொடர்ந்து வந்த மோதலில் பூஞ்ச் நகரின் எளிய மக்கள் பீரங்கிக் குண்டுகளுக்குப் பலியாயினர். தொலைக்காட்சி அரங்குகளிலிருந்து போர் கேட்டவர் எவரும் அங்கே இல்லை.

கல்வானில் 2020 ஜூனில் 20 வீரர்களை இழந்தோம். நான்காண்டுக்கும் மேல் இரு படைகளும் பனிமலையில் எதிரெதிரே நின்றன. 2024 அக்டோபரில் தெப்சாங், தெம்சோக் பகுதிகளில் ரோந்து குறித்த உடன்பாடு எட்டப்பட்டது இராணுவ, இராஜதந்திர மட்டங்களில் நடந்த பேச்சுவார்த்தைகளால்தான். வாஷிங்டனின் சீன எதிர்ப்பு வியூகத்தில் அடியாளாகச் சேர்வதைக் காட்டிலும், அண்டை நாடுகளுடன் சுயேச்சையாகப் பேசுவதே எல்லையில் நிற்கும் வீரருக்கு நாம் தரும் பெரிய கவசம்.

அக்னிபத் கைவிடப்பட வேண்டும். சேர்ந்துள்ள அக்னிவீரர் அனைவருக்கும் நிரந்தரப் பணியும் ஓய்வூதியமும் வழங்கப்பட வேண்டும். படைக்கல ஆலைகள் மீண்டும் அரசுத் துறையாக ஒன்றிணைக்கப்பட்டு நவீனமாக்கப்பட வேண்டும். விவசாயியின் மகன் எல்லையில் நிற்கிறான். தொழிலாளியின் மகள் ஆலையில் நிற்கிறாள். இவ்விருவரின் வாழ்வையும் பாதுகாக்காத எந்தத் தயாரிப்பும் நாட்டின் பாதுகாப்பு ஆகாது.