பதரோடு பறந்த மணி



சென்ற மாதம் பெரம்பலூரினின்று அம்மையார் ஒருவர் மனவருத்தத்தோடு அரியலூருக்கு வந்து நம்மைக் கண்டார். மகன் தன் திருமணத்திற்கு வேண்டிய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி 26 நாட்களாகியும் பங்கு அலுவலகம் மறுமொழி தரவில்லையே என்றார். "அப்படியொரு கடிதம் வரவே இல்லை, அம்மா" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம்.

எழுத்தர் கணினியில் தேடினார். கடிதம் வந்துதான் இருந்தது. பரிசுச்சீட்டுப் புரட்டுகளுக்கும் கடன் விளம்பரங்களுக்கும் நடுவே, குப்பை அஞ்சல் பெட்டியில் கிடந்தது. இன்னும் சில நாள் கழிந்திருந்தால் தானாகவே அழிந்திருக்கும். நமது அஞ்சல் சேவை அப்பெட்டியில் 30 நாட்களுக்குமேல் எதையும் வைத்திருப்பதில்லை. அம்மையாரிடம் மன்னிப்பு வேண்டி, அன்றே சான்றிதழ் கொடுத்தோம்.

வேண்டாத மின்னஞ்சல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1978ஆம் ஆண்டிலேயே அமெரிக்க விற்பனையாளர் ஒருவர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இன்று வடிகட்டி இன்றி எந்த அலுவலகமும் நடவாது. ஆயினும் வடிகட்டி கடிதத்தின் பொருளை அறிவதில்லை. முன்பு குப்பையென ஒதுக்கப்பட்டவற்றில் எச்சொற்கள் மிகுந்திருந்தன, அனுப்பியவர் அறிமுகமானவரா என்றெல்லாம் எடைபோட்டு, 'இது குப்பையாக இருக்கக்கூடும்' என்று ஊகிக்கிறது. இத்தகைய கணிப்புக்கு வழிவகுத்தவர் 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் போதகர் தாமஸ் பேய்ஸ். அவர் மறைந்தபின், 1763இல் அவரது கட்டுரை வெளியாயிற்று. ஊகம் என்றால் பிழையும் உண்டு.

அப்பிழை இருவகைப்படும், இரண்டும் நிகரல்ல. குப்பை உள்ளே வந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு நொடியில் நீக்கலாம். நல்ல கடிதம் வெளியே போனாலோ, போனதே தெரியாது. சிமெண்டு ஆலைக்கு விலைப்புள்ளி அனுப்பிய சிறு ஒப்பந்தக்காரரும், வேலைக்கு விண்ணப்பித்த இளைஞரும், தம்மைப் புறக்கணித்தார்கள் என்றே எண்ணிக்கொள்வர். முறத்தை ஓங்கிப் புடைத்தால் பதரோடு மணியும் பறக்கும் என்பதை நம் தாய்மார் அறிவர். சிறிது பதர் தங்கினும் பின்னர்ப் பொறுக்கிக்கொள்ளலாம்.

ஆதலின் அலுவலகப் பொறுப்பிலிருப்போர் வடிகட்டியை மிகக் கடுமையாக்க வேண்டா. வாரம் ஒருமுறையேனும் குப்பைப் பெட்டியைப் பாருங்கள். நல்லதைக் கண்டால் 'இது குப்பையன்று' எனக் குறித்துவிடுங்கள். வடிகட்டி அதனின்றும் கற்றுக்கொள்ளும். ஐயத்திற்குரிய கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். முக்கியமான கடிதம் அனுப்புவோர் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

நமது அலுவலகத்தில் இப்பொழுது சனிக்கிழமைதோறும் அப்பெட்டியைத் திறந்து பார்க்கிறோம். 'வரவே இல்லை' என்று சொல்லுமுன் தேடிப் பார்க்கவும் பழகி வருகிறோம்.