ஞாயிறு பள்ளி யாருக்காகத் தோன்றியது?



1780-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்னும் பத்திரிகையாளர் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாள் வேலைத்தலங்களில் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு ஞாயிறன்று மட்டுமே. வேதத்தைத் தாமே வாசிக்கும்படி அன்று அவர்கள் எழுத்தறிவு பெற்றார்கள்.

இன்றோ நம் ஞாயிறு பள்ளியில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் வசதியாய்ப் படிக்கும் வீட்டுப் பிள்ளைகளே. அந்த வகுப்பறைகள் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக்கிடக்கின்றன. அவற்றை மாலைதோறும் திறப்போம். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள், எம்மதத்தினராயினும், அங்கே வந்து படிக்கட்டும். சபையிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் முறைவைத்துக் கற்பிக்கலாம்.

கிறிஸ்துமஸ் நாளில் புத்தாடை வழங்குவதோடு நம் கடமை முடிவதில்லை. சிறியவருக்குச் செய்வதைத் தமக்கே செய்ததாக எண்ணும் ஆண்டவர், நாம் கொடுக்கும் மாலைப்பொழுதுகளையும் காணிக்கையாக ஏற்பாராக. ஆமென்.