மஹ்ரம் எங்கே என்று கேட்போரே!

 

பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்த நம் சகோதரி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுக்கிறாள். சில மாதம் கழித்து, கணவன் இருக்கும் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். கணவனுக்கோ லீவு இல்லை. கைக்குழந்தைகள் இரண்டு, பெட்டிகள் மூன்று, துணைக்கு ஒருவருமில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என்று கடல் கடந்து பிழைக்கும் எந்த ஊருக்கும் இது புதிய செய்தியல்ல.

உடனே தெருவில் ஒரு கேள்வி எழுகிறது: "மஹ்ரம் இல்லாமல் ஒரு பெண் இவ்வளவு தூரம் போகலாமா?"

கேள்வி நியாயமானதுதான். மஹ்ரமின்றிப் பெண் பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ்கள் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கின்றன. ஆனால் இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது? அந்தப் பெண்ணிடம்! அங்கேதான் நாம் மார்க்கத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

அதே ஹதீஸின் தொடர்ச்சியைப் பாருங்கள். ஒரு தோழர் எழுந்து, போருக்குச் செல்வோர் பட்டியலில் தம் பெயர் எழுதப்பட்டுவிட்டதாகவும், தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டதாகவும் கூறினார். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணைத் திரும்பி வரச் சொல்லவில்லை. போருக்குப் பெயர் கொடுத்த அந்த ஆணை, மனைவியோடு ஹஜ்ஜுக்குப் போகும்படி அனுப்பினார்கள். போர்க்களத்திலிருந்தே ஒரு கணவனை விடுவித்த மார்க்கம் இது! நமக்கோ கடையிலிருந்து பத்து நாள் கிடைக்கவில்லை என்கிறோம். மஹ்ரம் என்பது பெண்ணின் காலுக்குப் போட்ட விலங்கு அல்ல, ஆணின் தோளில் வைத்த சுமை.

பாதை அச்சமற்றுப் போகும் காலத்தில் ஹீராவிலிருந்து ஒரு பெண் அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் அஞ்சாமல் கஅபா வரை பயணம் செய்வாள் என்று அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் முன்னறிவித்ததும் புகாரியில் உள்ளது. கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்களின் துணை போதும் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் கூறியதும் நாம் அறிந்ததே. சட்டத்தை உங்கள் ஆலிம்களிடம் கேளுங்கள். நான் பேச வந்தது நம் கடமையைப் பற்றி.

ஒரு மடிக்கு ஒரு குழந்தை

சென்னையிலிருந்து துபாய்க்கு 4 மணி நேரம். அங்கே இறங்கிக் காத்திருந்து லண்டன் போக இன்னும் 7 மணி நேரத்துக்கு மேல். டொரண்டோ என்றால் 14 மணி நேரத்தை ஒட்டி. இத்தனை நேரமும் அந்தத் தாயால் கழிவறைக்குக் கூட எழுந்து போக முடியாது. ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் இன்னொன்றை யாரிடம் கொடுப்பாள்? பணிப்பெண்கள் இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டால் உண்டு. அது அவர்களுடைய கடமையல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 2 வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துப் பறக்கலாம். ஆனால் ஒரு பெரியவரின் மடிக்கு ஒரு குழந்தைதான். அவசரத்தில் மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி, பக்கத்துப் பக்கத்து இருக்கைகளுக்குப் பொதுவாக ஒன்றுதான் கூடுதலாக இருக்கும். விபத்தென்றால் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வெளியேறுவதும் கடினம். எனவே இரண்டாவது குழந்தைக்குத் தனி இருக்கை எடுத்து, விமானத்துக்கு அங்கீகாரம் பெற்ற 'கார் சீட்' கொண்டுவரச் சொல்வார்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு மட்டுமே அதை அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு. அறவே மறுத்து, இன்னொரு பெரியவர் உடன் வரவேண்டும் என்போரும் உண்டு.

செலவும் மாறும். மடிக் குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே வாங்குவது வழக்கம். இருக்கை எடுக்கும் குழந்தைக்குச் சிறுவர் கட்டணம் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் மலிவாகக் கிடைத்ததென்று டிக்கெட் எடுத்து அனுப்பினால், கவுண்டரில் திருப்பி அனுப்பப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு நிற்கப்போவது யார்? டிக்கெட் எடுத்தவனா?

பெண்ணுக்குக் கட்டளையிடுவோர் ஆண்கள். படிவத்தை நிரப்ப மறப்பவர்களும் ஆண்களே! இரண்டு குழந்தைக்கும் தனித்தனி பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் பெற்றோர் இருவரும் கையொப்பமிடும் உறுதிமொழி 'இணைப்பு டி'. ஒருவர் கையொப்பம் கிடைக்காத நிலைக்கு 'இணைப்பு சி'. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பரில் அமீரகம் விசிட் விசாவை நிறுத்தியதை மறவாதீர்கள். பிள்ளைகளின் பெயரோடு தந்தை பெயரையும் முறையாகப் பதியுங்கள்.

யார் என்ன செய்வது?

கணவன்மார்களே! முதலில் நீங்களே வந்து அழைத்துப் போகப் பாருங்கள். முடியாவிட்டால் குழந்தையின் பாட்டியையோ மாமாவையோ விசிட் விசாவில் உடன் அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால், அதே விமானத்தில் போகும் நம்பகமான குடும்பத்தைத் தேடுங்கள். இரண்டாவது பிள்ளை அவர்களில் ஒரு பெண்ணின் மடியில் வரும்படி டிக்கெட்டிலேயே பதிவு செய்யுங்கள். நிமிர்ந்த சுவரை ஒட்டிய முன்வரிசையில் தொட்டில் கேளுங்கள். அதற்கும் எடை வரம்பு உண்டு. பத்து இருபது டாலர் மிச்சம் பிடிக்க இரண்டு இடங்களில் விமானம் மாறும் டிக்கெட்டை எடுக்காதீர்கள். மாறுமிடத்தில் தள்ளுவண்டி கைக்கு வராமலும் போகலாம். அவசரப்படவும் வேண்டாம். இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையும் முன்பே பிறப்பவர்கள். 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளை முடித்து, மருத்துவர் சம்மதித்த பிறகு புறப்படட்டும்.

வியாபாரிகளே! உங்கள் கடையில் வேலை பார்க்கும் தம்பி, மனைவி மக்களை அழைத்துவர ஒரு வாரம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அந்த ஒரு வாரம் உங்கள் சம்பளப் புத்தகத்தில் நட்டமாகத் தெரியலாம். மறுமையின் ஏட்டில் அது எந்தப் பக்கம் எழுதப்படும் என்று எண்ணிப் பாருங்கள். மண்ணடியிலும் திருச்சியிலும் டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களே! இரட்டைக் குழந்தை என்று தெரிந்ததும், விமான நிறுவனத்தின் விதியைக் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே டிக்கெட் போடுங்கள். மறைத்து விற்பது வியாபாரமல்ல.

இளைஞர்களே! பக்கத்து இருக்கையில் பிள்ளை அழுதால் பல்லைக் கடிக்காதீர்கள். விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் மாறிக் குழந்தையின் காது அடைத்து வலிக்கும். பால் குடித்தால் வலி குறையும். நம் நபியவர்கள் தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கினார்கள். நம்மால் ஒரு பெட்டியை இறக்கிக் கொடுக்க முடியாதா? பார்வையைத் தாழ்த்துவது ஒழுக்கம். உதவாமல் முகத்தைத் திருப்புவது ஒழுக்கமாகாது.

ஒவ்வொரு கிளையும் இதைப் பணியாக எடுக்கட்டும். எந்தத் தேதியில் யார் எந்த ஊருக்குப் பறக்கிறார்கள் என்று மஹல்லாவில் ஒரு பதிவேடு வைத்தால் போதும். துணை தேடும் தாய்க்குத் துணை கிடைக்கும். இறங்கும் ஊரில் நம் சகோதரர் ஒருவர் குடும்பத்தோடு வந்து நிற்பார்.

மக்காவின் பாலையில் கைக்குழந்தையோடு தனித்து நின்றார்கள் அன்னை ஹாஜர். இப்ராஹீம் (அலை) அவர்கள் விட்டு வந்தது அல்லாஹ்வின் கட்டளையால். நாம் நம் பெண்களைத் தனியே விடுவது யாருடைய கட்டளையால்? முதலாளியுடையதா, சீசன் வியாபாரத்துடையதா? அந்தத் தாய் ஓடிய ஸஃபா மர்வாவில் ஓடாமல் நம் ஹஜ் நிறைவேறாது. அவர் ஓட்டத்தை வணக்கமாகச் செய்யும் சமுதாயம், இன்னொரு தாயின் ஓட்டத்தை வேடிக்கை பார்க்கலாமா?

மஹ்ரம் எங்கே என்று இனி யாராவது கேட்டால், கேட்டவரின் கையில் ஒரு குழந்தையைக் கொடுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லுதவி புரிவானாக! ஆமீன்.