வெனிஸும் அதன் காயலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

போகப் போவதில்லை என்று தெரிந்த ஊருக்கு வழிகாட்டி நூல் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். ரயில் நேரம் பார்க்கவும் விடுதி வாடகை அறியவும் மட்டுமே அந்நூல்கள் என்றால் அவர்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் ஓர் ஊரில் எதைக் காண வேண்டும், எதைக் காணாமலே கடந்து போகலாம் என்று தீர்ப்புச் சொல்பவையும் அந்நூல்கள்தாம். அந்தத் தீர்ப்பு சரியா என்று கேட்கும் உரிமை ஊரைப் பார்த்தவருக்கு மட்டுமல்ல, நூலைப் படித்தவருக்கும் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஐரோப்பாவை நூலகத்தில்தான் கண்டிருக்கிறேன். வாசகன் என்ற உரிமையில் இத்தாலியின் வெனிஸ் நகரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கார்ல் பெடேக்கர் வெளியிட்ட சிவப்பு அட்டை நூல்கள், தவறாது காண வேண்டியவற்றுக்கு நட்சத்திரக் குறி இடும் வழக்கத்தைப் பரப்பின. அம்மரபு இன்றும் மறையவில்லை. வெனிஸில் சிறப்பிடம் பெறுபவை எவை? ஃபிராரி தேவாலயத்தில் டிஷியன் தீட்டிய மாதாவின் விண்ணேற்பு ஓவியம் (1518), சான் சக்கரியா தேவாலயத்தில் பெல்லினியின் பீட ஓவியம் (1505), சான் ரோக்கோ மன்றத்தில் டின்டோரெட்டோ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து நிறைத்த சுவர்களும் கூரைகளும். இவற்றைப் போற்றுவதில் எனக்கு எவ்வித மாறுபாடும் இல்லை. ஆனால் நகரைச் சூழ்ந்து ஏறக்குறைய 550 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் காயலுக்கு நான் படித்த நூல்களில் கிடைத்தவை, படகுப் போக்குவரத்தைப் பற்றிய சில வரிகளே. ஓவியம் ஒரு புறம், உப்புநீர் மறுபுறம் என்று பிரிப்பது வேறு ஊருக்குப் பொருந்தலாம். வெனிஸுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

முதலாவதாக, அந்த ஓவியங்கள் எதன்மேல் தீட்டப்பட்டன என்று பாருங்கள். ஃபிளாரன்ஸ் போன்ற நகரங்களில் ஈரச் சாந்தின்மேல் வண்ணம் தீட்டும் சுவரோவியம் செழித்தது. வெனிஸிலோ ஈரமும் உப்பும் கலந்த காற்று சுவரை அரித்துச் சாந்தை உதிர்த்தது. கப்பல் கட்டும் ஊராகையால் பாய் தைக்கும் கித்தானுக்குப் பஞ்சமில்லை. ஆகவே வெனிஸ் ஓவியர்கள் கித்தான்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டுவதில் தேர்ந்தனர். டின்டோரெட்டோவின் மாபெரும் படைப்புகள் கித்தானில் அமைந்ததற்குக் கடற்காற்றும் ஒரு காரணம் அல்லவா?

இரண்டாவது சான்று இன்னும் வியப்புக்குரியது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கனலெட்டோ, வெனிஸின் மாளிகைகளை அளவு பிசகாமல் வரைந்தவர். இருட்டறைப் பெட்டியின் துணையை அவர் நாடினார் என்று கருதப்படுகிறது. மாளிகைச் சுவரின் அடியில் படிந்த பச்சைப் பாசியைக் கூட அவர் விடவில்லை. உயர் ஓதத்தில் நனையும் மட்டம் வரைதான் அப்பாசி வளரும் என்பதைத் தாவரவியல் மாணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலிய விஞ்ஞானி டாரியோ கமுஃபோவும் அவருடைய சக ஆய்வாளரும், கனலெட்டோவும் அவருடைய மருமகன் பெலோட்டோவும் வரைந்த பாசிக் கோட்டை அதே கட்டடங்களில் இன்றுள்ள பாசிக் கோட்டோடு ஒப்பிட்டனர். ஏறக்குறைய 60 செ.மீ. அளவுக்கு நகரம் நீரில் தாழ்ந்திருப்பதாக 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர். வெனிஸில் ஓதத்தை அளக்கும் கருவி முறையாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1872இல்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கடல் மட்டத்தை ஒரு தூரிகை பதிவு செய்து வைத்திருந்தது!

இத்தாழ்வுக்குக் காரணம் இரண்டு: கடல் உயர்கிறது, நிலம் அமிழ்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆலைகளுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியது அமிழ்வை விரைவுபடுத்தியது. 1966 நவம்பர் 4 அன்று நீர்மட்டம் 194 செ.மீ. எட்டியது, 2019 நவம்பரில் 187 செ.மீ. இதைத் தடுக்கக் காயலின் மூன்று முகத்துவாரங்களிலும் 78 கதவுகள் அமைக்கப்பட்டு, 2020 அக்டோபரில் முதன்முறையாகக் கடலேற்றத்துக்கு எதிராக உயர்த்தப்பட்டன. நகரம் நனையவில்லை. ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. புயற்காலத்தில் உயரும் நீர்தான் வண்டலைச் சுமந்து உவர்ச்சதுப்பின்மேல் படியவைத்து, அது கடலோடு போட்டியிட்டு உயர உதவுகிறது. கதவு மூடினால் அவ்வண்டல் குறைகிறது என்று 2021இல் ஆய்வாளர்கள் காட்டினர். முன்பே கப்பற்கால்வாயாலும் படகலைகளாலும் அச்சதுப்பு பெருமளவு கரைந்துவிட்டது. அங்கு வளரும் சாலிகோர்னியா, நம் பிச்சாவரத்து உமரியின் பேரினமே. அலையின் வேகத்தைத் தணிக்கும் அச்செடிகள் போனால் காயல் காயலாக இராது, வெறும் கடற்குடாவாகிவிடும்.

இரண்டு நாள் தங்குபவர் ஓவியத்தைப் பார்ப்பாரா, சேற்றைப் பார்ப்பாரா என்று கேட்கலாம். இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்க்க இயலாதென்பது உண்மைதான். ஆனால் பாசிக் கோட்டைக் காணத் தனி நாள் வேண்டாம். கண்ணைச் சற்றே கீழே தாழ்த்தினால் போதும். பெல்லினியின் ஓவியம் இருக்கும் சான் சக்கரியாவிலேயே நிலவறையில் நீர் தேங்கி நிற்கிறது. 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இட்ட பெயர் 'வெனிஸ்' மட்டுமன்று. 'வெனிஸும் அதன் காயலும்'. பட்டியல் அறிந்ததை வழிகாட்டி நூல்களும் அறிய வேண்டும். சதுப்பைக் காப்பதா, நகரைக் காப்பதா, இரண்டையும் எப்படிக் காப்பது என்ற வழக்கு அங்கே நடக்கிறது. ஆண்டுதோறும் அந்நகருக்கு வந்து போகும் இலட்சக்கணக்கானோர் அவ்வழக்கை அறியாமலே திரும்புவது நல்லதன்று.

விஞ்ஞானம் பயில்வோர்க்கு ஓவியம் எதற்கு, கலை பயில்வோர்க்குப் பாசி எதற்கு என்று நம் வகுப்புகளிலும் பேசுவது உண்டு. கனலெட்டோ பாசியைக் கவனிக்காமல் விட்டிருந்தால் விஞ்ஞானிக்குச் சான்று இல்லை. விஞ்ஞானி ஓவியத்தைப் பாராமல் விட்டிருந்தால் அச்சான்று பேசியிராது. அடுத்த பதிப்பில் வழிகாட்டி நூலார் அந்தச் சதுப்புக்கும் ஒரு நட்சத்திரம் இடட்டும். அதுவரை, நூலகத்தில் வெனிஸுக்குப் போகும் நாம் ஓவியப் புத்தகத்தோடு தாவரவியல் புத்தகத்தையும் சேர்த்தே எடுத்துப் படிப்போம்.