கேரவன்ல பழவேற்காடு வர்றீங்களா? முதல்ல இதை ஏத்துங்க

சினிமா நடிகருக்கு மட்டும்னு இருந்த கேரவன் இப்போ குடும்பத்தோட ஊர் சுத்தவும் வாடகைக்குக் கிடைக்குது. கேரளா 2021-லேயே இதை அரசுத் திட்டமா அறிவிச்சிடுச்சு. சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர் வந்தா பழவேற்காடு. வேனுக்குள்ள படுக்கை போட்டுக்கிட்டு வந்து ஏரிக்கரையில ராத்தங்கிப் பூநாரை பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? வாங்க. ஆனா என்னென்ன சாமான் வாங்கணும்ங்கிற விஷயத்துல எனக்கு ஒரு கருத்து உண்டு.

இந்தச் சாமான்ல பாதி நமக்குப் புதுசே இல்லை. கூண்டு வண்டி கட்டித் திருவிழாவுக்குப் போய் ரெண்டு நாள் தங்கின காலத்துலயே சக்கரம் உருளாம இருக்க முட்டுக்கட்டை இருந்துச்சு. மாட்டை அவிழ்த்த பிறகு வண்டி நிமிர்ந்து நிக்கத் தாங்குகட்டை இருந்துச்சு. அடியில அரிக்கேன் விளக்கு தொங்கும். இன்னிக்கு இழுவை வண்டிக்கு ஜாக்கின்னு விக்கிறதும் அதே தாங்குகட்டை வேலையைத்தான் செய்யுது. அந்த வண்டியில இல்லாதது ஒண்ணே ஒண்ணு: கழிவைத் திருப்பி எடுத்துட்டுப் போற சாமான். அப்போ அது தேவைப்படலை. சாப்பிட்ட இலையை மாடு தின்னுடும், மிச்சம் மண்ணோட மக்கிடும். இன்னிக்கு வர்ற வண்டியில ஷாம்பூ இருக்கு, டயாபர் இருக்கு, கண்ணாடி பாட்டில் இருக்கு.

அதனால கூடாரத் துணி, மடக்கு நாற்காலி, கலர் விளக்குக்கு முன்னாடி மூணு சாமான் வாங்குங்க. பாத்திரம் கழுவின தண்ணியைப் பிடிச்சு வைக்க ஒரு தொட்டி. மூடி இறுக்கமா இருக்கிற கழட்டு கழிவறை. ஊருக்குப் போய் உங்க வீட்டுக் கழிவறையிலயே கொட்டிக்கலாம். கெட்டியான ரெண்டு சாக்கு. குழாயைத் திறந்து கரையில விட்டுட்டுப் போறது எங்க போகும்னு நினைக்கிறீங்க? கடல்லேருந்து முகத்துவாரம் வழியா வர்ற இறால் குஞ்சு வளர்றது இந்த ஏரியிலதான். இருளர்கள் அந்த ஆழமில்லாத தண்ணியில இறங்கி, சேத்துக்குள்ள வெறுங்கையால தடவித் தடவித்தான் இறால் பிடிக்கிறாங்க. நீங்க போட்ட பாட்டில் உடைஞ்சு கிடந்தா அந்தக் கையைத்தான் கிழிக்கும். ஒரு வாரம் தண்ணியில கை வைக்க முடியலைன்னா ஒரு வாரம் கூலி போச்சு.

அடுத்தது சேறு. தண்ணி வத்தின கரை மேலே காஞ்சு தெரியும், உள்ளே பொதபொதன்னு இருக்கும். சக்கரத்துக்கு அடியில போட ரெண்டு பலகை, ஒரு கயிறு, டயருக்குக் காத்தடிக்கிற சின்ன பம்பு வச்சுக்குங்க. குடிதண்ணியும் கையோட கொண்டு வாங்க. இது உப்புத்தண்ணி ஏரி.

லைஃப் ஜாக்கெட் வாங்கினாலும் ஒரு விஷயம். 2011 டிசம்பர் 25 அன்னிக்கு இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் உல்லாசப் படகுக்குத் தடை வந்துச்சு. ஜாக்கெட் இருக்கே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கன்னு மீன்காரரை வற்புறுத்தாதீங்க. ஐந்நூறு ரூபாய்க்காக அவர் தலையாட்டிட்டா, பழி அவர் மேலதான் விழும்.

ஊர்க்காரன் குப்பை போடலையான்னு கேப்பீங்க. போடறான்தான். அது தப்புதான். ஆனா அந்தத் தண்ணி கெட்டா அவன் உலையும் சேர்ந்து அணையும். உங்களுக்கு அடுத்த வாரம் ஏலகிரி இருக்கு.

வண்டியை நிறுத்துறதுக்கு முன்னாடி அங்க இருக்கிறவங்க கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. காலி இடம்னு நீங்க நினைக்கிறது வலை உலர்த்துற இடமா இருக்கும். பறவை சரணாலயப் பகுதின்னா வனத்துறை அனுமதி வேணும். கிளம்பும்போது சாக்கை வண்டி மேலே கட்டுங்க. வழியில இருக்கிற எங்க வாய்க்கால்லயும் போட்டுடாதீங்க.